நபிகள் நாயகத்தைப் பற்றி மேலைநாட்டார் எழுதியதில் எதை நம்புவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மைக்கேல் ஹார்ட் என்ற அமெரிக்கர் உலகின் நூறு பேரில் நபிகள் நாயகத்துக்கு முதலிடம் கொடுத்தார், ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் அவரை மாமனிதர் என்று போற்றினார் என்று மீலாது மேடைகளில் கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள். மேலைநாட்டார் எழுதியதெல்லாம் அவதூறு என்றும் அதே மேடைகளில் கேட்டிருக்கிறீர்கள். இப்போது ஒரு காணொளியில், அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கே ஆதாரமில்லை என்று மேலைநாட்டு ஆய்வாளர்கள் நிரூபித்துவிட்டதாக ஒருவர் அடித்துச் சொல்வதைப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறீர்கள். மூன்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: இவர்களுக்கெல்லாம் அவரைப் பற்றி எங்கிருந்து தெரிந்தது, தெரிந்ததை ஏன் இப்படி எழுதினார்கள்? கல்லூரியில் மேற்காசிய வரலாற்றைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் மார்க்க அறிஞன் அல்லன். வஹீ, அதாவது இறைச்செய்தி, வந்ததா என்பது வரலாற்றுத் துறையின் கருவிகளுக்கு அகப்படாத விஷயம். அதை இங்கே தொடப் போவதில்லை.

ஹார்ட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அவர் இயற்பியல், வானியல் படித்தவர். இஸ்லாமிய வரலாற்றில் ஆய்வு செய்தவர் அல்லர். 1978இல் அவர் வெளியிட்ட பட்டியல் யார் உயர்ந்தவர் என்பதற்கானது அன்று, யாருடைய செல்வாக்கு அதிகம் என்பதற்கானது. இரண்டாம் இடம் நியூட்டனுக்கு, மூன்றாம் இடம் இயேசுவுக்கு. சமயத் தலைவராகவும் ஆட்சித் தலைவராகவும் ஒருசேர வெற்றி பெற்றவர் என்பதால் முதலிடம் தந்தேன் என்று காரணமும் சொல்லியிருக்கிறார். படிக்கச் சுவையான பட்டியல்தான். ஆனால் அதில் புதிய ஆதாரமோ புதிய ஆய்வோ கிடையாது. இதைச் சான்றிதழாக ஏந்திக்கொண்டு ஊர்வலம் போவது எனக்கு எப்போதுமே விளங்கியதில்லை.

கார்லைல் விஷயம் வேறு. 1840 மே 8, வெள்ளிக்கிழமை, லண்டனில் அவர் ஆற்றிய உரை உண்மையிலேயே ஒரு திருப்பம். நபிகள் நாயகம் ஒரு சூழ்ச்சிக்காரர் என்பதே அதுவரை ஐரோப்பாவில் படித்தவர்களின் பொதுக்கருத்தாக இருந்தது. பொய்யன் ஒருவனால் ஒரு செங்கல் வீட்டைக்கூடக் கட்ட முடியாது, சமயத்தை எப்படிக் கட்டுவான் என்று கார்லைல் அந்த அவையில் கேட்டார். நம் மேடைகளில் ஒலிப்பது இந்தப் பகுதி. அதே உரையில் அவர் குர்ஆனைப் பற்றிச் சொன்னதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. இவ்வளவு களைப்பூட்டும் நூலைத் தான் படித்ததே இல்லை, அது குழப்பமான குவியல் என்கிறார். (ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துவிட்டுச் சொன்ன தீர்ப்பு அது.) மாவீரர்களைப் பற்றிய அந்த உரை வரிசையில் நபி என்ற வகைக்கு இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் தரும் காரணம் இன்னும் சுவையானது: நம்மில் யாரும் முஸ்லிமாகிவிடும் ஆபத்து இல்லை, ஆகவே இவரைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். கார்லைலுக்கு வேண்டியிருந்தது, தன் காலத்து இங்கிலாந்தின் கணக்குப் பார்க்கும் புத்திக்கு எதிராக நிறுத்த ஓர் உண்மையான மனிதர். நபிகள் நாயகம் அந்த வேலைக்குப் பொருந்தினார்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பியர் எழுதியதில் பெரும்பகுதி, புகழ்ச்சியானாலும் இகழ்ச்சியானாலும், அவர்களுக்குள் நடந்த சண்டையின் துணைக்கருவி என்பதே என் கணிப்பு. தொடக்கத்திலிருந்து பார்த்தால் இது தெரியும். எட்டாம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் யோவான் என்ற கிறிஸ்தவ இறையியலாளர் எழுதியபோது அவருக்கு நேரடி அறிவு இருந்தது. அவருடைய குடும்பம் அப்போது ஆண்ட உமையா கலீபாக்களின் நிர்வாகத்தில் பணிபுரிந்த குடும்பம். அவரே இஸ்லாத்தைத் தனிச் சமயமாகக் கருதாமல், கிறிஸ்தவத் திரிபுகளின் பட்டியலில் ஒன்றாகச் சேர்த்தார். நபிகள், இயேசுவைக் கடவுளுக்குச் சமமாக ஏற்காத ஆரியஸ் கொள்கைத் துறவி ஒருவரிடம் பாடம் கேட்டவர் என்றும் எழுதினார். தன் வீட்டிலிருந்து பிரிந்துபோன கிளை என்று சொல்லிவிட்டால் புதிய சமயம் ஒன்று பிறந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை அல்லவா? மேற்கு ஐரோப்பாவில் அந்த அறிவும் இல்லை. 1100ஐ ஒட்டி எழுந்த பிரெஞ்சு வீரகாவியமான ரோலண்டின் பாடலில் முஸ்லிம்கள் முகம்மதுவையும் அப்போலினையும் தெர்வகானையும் சிலை வைத்துக் கும்பிடுகிறார்கள்! சிலை வணக்கத்தை ஒழித்தவரையே சிலையாக்கிவிட்டார்கள். அவருடைய சவப்பெட்டி மக்காவில் காந்தங்களின் நடுவே அந்தரத்தில் தொங்குகிறது என்ற கதையும் நூற்றாண்டுக்கணக்கில் உலவியது. அடக்கத்தலம் மதீனாவில் இருக்கிறது என்பதைக்கூட யாரும் விசாரிக்கவில்லை.

புறாக் கதையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நபிகள் ஒரு புறாவைப் பழக்கித் தன் காதில் வைத்த பட்டாணியைக் கொத்தவைத்து, வானவர் வந்து செய்தி சொல்வதாக மக்களை நம்பவைத்தார் என்பது கதை. பதினேழாம் நூற்றாண்டில், சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று இன்றும் போற்றப்படும் ஹ்யூகோ குரோஷியஸே இதைத் தன் நூலில் சேர்த்துக்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டில் அரபு கற்பித்த எட்வர்ட் போக்காக் இதற்கு ஆதாரம் என்ன என்று அவரிடமே கேட்டார். ஆதாரம் எதுவும் இல்லை என்று குரோஷியஸ் ஒப்புக்கொண்டார். போக்காக்குக்கு இஸ்லாத்தின்மேல் தனிப்பட்ட பரிவு ஒன்றும் கிடையாது. அரபு தெரியும், அவ்வளவுதான். அரபு மூலங்களைப் படித்தவர் எண்ணிக்கை கூடக்கூட இந்த வகைக் கதைகள் தாமாகவே உதிர்ந்தன.

ஆனால் மூலங்களைத் தேடியவர்களின் நோக்கமும் மறுப்பு எழுதுவதாகத்தான் இருந்தது. கிளூனி மடத்தின் தலைவர் பீட்டர் 1142இல் ஸ்பெயினுக்குப் போய், கெட்டனைச் சேர்ந்த ராபர்ட்டைக் கொண்டு குர்ஆனை லத்தீனில் பெயர்க்கச் செய்தார். 1143இல் பணி முடிந்தது. அதற்கு இட்ட தலைப்பிலேயே போலித் தீர்க்கதரிசி என்ற சொல் இருந்தது. ஆயுதத்தால் அன்றி வாதத்தால் உங்களை அணுகுகிறேன் என்று முஸ்லிம்களை நோக்கி அவர் எழுதியது, சிலுவைப் போர்க் காலத்தில் சிறிய விஷயம் இல்லை. நானூறு ஆண்டுகளுக்குப் பின் பாசல் நகரில் அதே மொழிபெயர்ப்பை அச்சிட முயன்ற ஓபொரீனஸ் என்ற அச்சகத்தாரை நகர சபை சிறையில் அடைத்தது. அச்சிட விடுங்கள் என்று பரிந்துபேசியவர் மார்ட்டின் லூதர். துருக்கியரின் நூலை வெளிச்சத்தில் வைத்துவிடுவதுதான் அவர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய தீங்கு என்பது அவர் வாதம். 1543இல் நூல் வெளிவந்தது.

பிறகு வந்தவர்களுக்கு நபிகள் நாயகம் ஒரு சாக்கு. 1697இல் ஹம்ஃப்ரி பிரிடோ எழுதிய வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் வந்தவற்றுள் மிகக் கசப்பானது. அவர் குறி வைத்தது இங்கிலாந்தில் அப்போது தலைதூக்கிய, கடவுளை ஏற்று வேதத்தை மறுத்த சிந்தனையாளர்களை. ஏமாற்று எப்படி இருக்கும் என்று பாருங்கள், கிறிஸ்தவம் அப்படி இல்லையே என்று அவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி தேவைப்பட்டது. அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே ஹென்றி ஸ்டப் என்ற ஆங்கில மருத்துவர் நபிகளைப் போற்றி எழுதியிருந்தார். அவருக்கும் உள்ளூர்க் காரணம் இருந்தது. திரித்துவத்தையும் குருமார் அதிகாரத்தையும் சாடுவதற்கு இஸ்லாத்தின் எளிய ஏகத்துவம் வாகாக அமைந்தது. அந்த நூல் கையெழுத்துப் பிரதியாகவே கைமாறி, 1911இல்தான் அச்சேறியது. பதிப்பித்தவர் லண்டனில் இருந்த இந்திய அறிஞர் ஹாஃபிஸ் மஹ்மூத் கான் ஷீரானி. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1741இல் மேடையேற்றிய நாடகம் நபிகளைக் கொடிய வெறியராகக் காட்டுகிறது. அதையே அவர் போப்பாண்டவருக்குக் காணிக்கையாக்கினார். பாரிஸில் பார்த்தவர்களில் பலர், அடி விழுவது கத்தோலிக்கத் திருச்சபையின்மேல் என்று உடனே புரிந்துகொண்டார்கள். சில காட்சிகளோடு நாடகம் நிறுத்தப்பட்டது. பிற்காலத்தில் வரலாறு எழுதும்போது அதே வால்டேர் நபிகளைப் பற்றிக் கணிசமாக நிதானித்து எழுதினார்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே 1734இல் ஜார்ஜ் சேல் என்ற லண்டன் வழக்கறிஞர் குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். நீண்ட முன்னுரையில், அரேபியருக்குச் சட்டமும் ஒழுங்கும் தந்தவர் என்ற அளவில் நபிகளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தார். கார்லைல் படித்தது இந்த மொழிபெயர்ப்பைத்தான். ஆனால் உண்மையான மாற்றம் இன்னும் நூறு ஆண்டு கழித்து, அரபு மூலநூல்கள் ஐரோப்பாவில் ஒன்றன்பின் ஒன்றாக அச்சானபோதுதான் வந்தது. இப்னு ஹிஷாமின் சீறாவை, அதாவது நபி வரலாற்றை, வூஸ்டன்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் கோட்டிங்கனில் 1858 முதல் 1860வரை பதிப்பித்தார். அதன்பின் கையில் அரபு நூல் இல்லாமல் நபிகளின் வரலாறு எழுதினால் அறிஞர்கள் மதிக்கமாட்டார்கள் என்ற நிலை உருவானது.

இந்தக் கட்டத்தில் கதை இந்தியாவுக்கு வருகிறது. வில்லியம் மியூர் கும்பினி ஆட்சியில் அதிகாரி, பின்னாளில் வடமேற்கு மாகாணங்களின் லெஃப்டினென்ட் கவர்னர். ஃபாண்டர் என்ற பாதிரியாரின் தூண்டுதலில் அவர் எழுதிய நபி வரலாறு 1858க்கும் 1861க்கும் இடையில் நான்கு தொகுதிகளாக வந்தது. இப்னு ஹிஷாம், வாக்கிதியின் மரபு, தபரி என்று பழைய முஸ்லிம் வரலாற்றாசிரியர்களின் அரபு மூலங்களைப் பயன்படுத்தியிருந்தார். ஆகவே இதைப் புறாக் கதைபோலத் தள்ளிவிட முடியவில்லை. மக்காவில் நேர்மையாளர், மதீனாவில் அதிகாரத்தால் கெட்டுப்போனவர் என்பது அவர் தீர்ப்பு. நபிகளுக்கு வந்த உந்துதல் சாத்தானிடமிருந்து வந்திருக்குமோ என்றுகூட ஒரு கட்டத்தில் விவாதிக்கிறார். முகம்மதுவின் வாளும் குர்ஆனும் நாகரிகத்துக்கும் சுதந்திரத்துக்கும் உண்மைக்கும் உலகம் கண்ட மிகப் பிடிவாதமான எதிரிகள் என்று எழுதியவரும் இவர்தான்.

ஸர் சையத் அகமத் கானை இந்த நூல் உறங்கவிடவில்லை. ஆங்கில ஆட்சியோடு இணக்கமாகப் போக வேண்டும் என்று வாதாடியவர் அவர். 1869இல் லண்டன் போய் நூலகங்களில் உட்கார்ந்து, தன் உடைமைகளை விற்றாவது அச்சிட்டே தீருவது என்று ஊருக்குக் கடிதம் எழுதி, 1870இல் மறுப்பை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்த மறுப்பில் என்னைக் கவர்வது அதன் கோபம் இல்லை. வாக்கிதியை நம்பி எழுதுகிறீர்களே, எங்கள் ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்களே அவரைப் பலவீனமானவர் என்று என்றோ ஒதுக்கிவிட்டார்களே என்று அவர் மியூரைக் கேட்டார். சண்டை குணநலனிலிருந்து மூலநூலுக்கு நகர்ந்துவிட்டது. உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது.

மூலநூல்களின் சிக்கல் இதுதான். நபிகள் மறைந்தது 632இல். நம் கையில் இருக்கும் முழுமையான வரலாறுகளில் பழையது இப்னு இஸ்ஹாக் தொகுத்தது. அவர் இறந்தது 767ஐ ஒட்டி. அதுவும் அப்படியே கிடைக்கவில்லை. 833இல் இறந்த இப்னு ஹிஷாம் திருத்திச் சுருக்கிய வடிவில்தான் பெரும்பகுதி இருக்கிறது. சொல்லத் தகாதவை, சிலர் மனத்தைப் புண்படுத்துபவை, நம்பகமற்றவை ஆகியவற்றை நீக்கிவிட்டேன் என்று இப்னு ஹிஷாம் முன்னுரையிலேயே வெளிப்படையாகச் சொல்கிறார். இஸ்லாம் வரலாற்றின் முழு வெளிச்சத்தில் பிறந்தது என்று பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1851இல் எழுதியபோது இந்த இடைவெளியை யாரும் பெரிதாக எண்ணவில்லை. இதைப் பெரிதாக்கியவர் ஹங்கேரிய யூதரான இக்னாஸ் கோல்ட்ஸிஹர், அல்-அஸ்ஹரில் பயின்றவர், இஸ்லாத்தை மிகவும் மதித்தவர். 1890இல் வெளிவந்த ஆய்வுத் தொகுதியில், ஹதீஸ்களில் கணிசமானவை நபிகளின் காலத்தைவிட, பிந்திய இரண்டு நூற்றாண்டுகளின் அரசியல், சட்டச் சர்ச்சைகளையே காட்டுகின்றன என்று வாதிட்டார். மதிப்பவர் ஒருவர் ஆதாரத்தின் அடித்தளத்தை அசைக்கிறார், வெறுத்த மியூரோ அதே ஆதாரத்தைப் பெருமளவு நம்பினார். யார் நண்பர், யார் பகைவர் என்று பிரித்துப் படிப்பவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே இடறும்.

இருபதாம் நூற்றாண்டில் அதிகம் படிக்கப்பட்டவர் ஸ்காட்லாந்தின் மாண்ட்கோமரி வாட். திருச்சபைக் குருவாகவும் இருந்தவர். 1953இலும் 1956இலும் வந்த அவருடைய இரண்டு நூல்கள் மக்கா வாழ்வையும் மதீனா வாழ்வையும் தனித்தனியே ஆராய்கின்றன. நபிகள் தம் அழைப்பை உண்மையாகவே நம்பினார் என்பதில் வாட் உறுதியாக இருந்தார். மக்கா பெரிய வணிக மையம், திடீர்ச் செல்வம் பழைய குலப் பிணைப்பைக் குலைத்தது, அந்த நெருக்கடிக்கு விடையாக இஸ்லாம் எழுந்தது என்று விளக்கினார். இன்று பாடப்புத்தகங்களில் நாம் படிப்பது பெரும்பாலும் இந்த விளக்கம்தான். 1987இல் பட்ரீசியா கிரோன் என்ற வரலாற்றாசிரியர் இதன் அச்சாணியைப் பிடுங்கினார். நறுமணப் பொருள் வணிகம் அந்தக் காலத்துக்கு வெகுமுன்பே தேய்ந்துவிட்டது, மக்கா அந்தப் பாதையிலும் இல்லை, மக்காவின் குறைஷிக் குலத்தார் விற்றது தோல் போன்ற மலிவுச் சரக்கு என்றார். இருபது ஆண்டு கழித்து, ரோமப் படைக்குத் தோல் தேவைப்பட்டிருந்தால் அந்த வணிகமே கணிசமான பணம் தந்திருக்கலாம் என்று அவரே ஒரு கட்டுரையில் எழுதினார். வாட் சொன்னது முழுக்க நிற்கவில்லை, முழுக்க விழவும் இல்லை.

இனி உங்கள் காணொளிக்கு வருகிறேன். அது கேட்டதும் கேளாததுமாக எடுத்துக்கொண்டிருப்பது 1977இல் கிரோனும் மைக்கேல் குக்கும் எழுதிய நூலின் வழியில் வந்த வாதங்களை. முஸ்லிம் மூலங்களை ஒதுக்கிவிட்டு, கிரேக்க, சிரியாக், ஆர்மீனிய, எபிரேயக் குறிப்புகளைக் கொண்டே தொடக்க வரலாற்றைக் கட்டிப் பார்ப்போம் என்பது அவர்கள் சோதனை. அவர்கள் எழுப்பிய கட்டடத்தை அறிஞர்கள் ஏற்கவில்லை, அவர்களும் பின்னர் அதிலிருந்து விலகினார்கள். ஆனால் அந்தப் புறச்சான்றுகளே நபிகளின் இருப்பை உறுதி செய்கின்றன. 634 பிப்ரவரியில் காஸா அருகே ரோமர்களுக்கும் முகம்மதுவின் அரேபியருக்கும் நடந்த போரை, 640 அளவில் எழுதப்பட்ட ஒரு சிரியாக் குறிப்பு பெயரோடு சொல்கிறது. அதையொட்டிய காலத்துக் கிரேக்க நூல் ஒன்று அரேபியரிடையே தோன்றிய தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசுகிறது. 660களின் ஆர்மீனிய வரலாறு, அவர் வணிகர் என்றும் ஆபிரகாமின் இறைவனைப் போதித்தவர் என்றும் கூறுகிறது. முகம்மது வாழ்ந்தார் என்பதில் ஐயமில்லை என்று கிரோனே 2006இல் எழுதினார். இல்லை என்பவர்கள் இத்துறையில் ஓரத்தில் நிற்கும் சிலர். நிரூபித்துவிட்டார்கள் என்பது சுத்தப் பொய்.

உறுதி என்று நான் சொல்லக்கூடியவை இவை: அவர் வாழ்ந்தார், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்கு அரேபியாவில் ஏக இறைவனைப் போதித்தார், யத்ரிபில், அதாவது மதீனாவில், ஒரு சமூகத்தை நிறுவினார். மதீனா சாசனம் என்று நாம் அழைக்கும் உடன்படிக்கையை, முஸ்லிம் மரபைக் கடுமையாக ஐயுறும் ஆய்வாளர்கள்கூட உண்மையானது என்று ஏற்கிறார்கள். யூதக் குலங்களையும் ஒரே சமூகத்தில் சேர்க்கும் அந்த வாசகத்தைப் பிற்காலத்தவர் இட்டுக்கட்டியிருக்கக் காரணமே இல்லை. குர்ஆன் மிகப் பழையது என்பதற்கும் சான்று வலுத்திருக்கிறது. பர்மிங்ஹாமில் உள்ள ஏடுகளின் தோல் 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று 2015இல் வெளியான கரிமச் சோதனை காட்டியது. சோதனை சொல்வது தோலின் வயதை, மையின் வயதை அல்ல. ஆனாலும் குர்ஆன் இரண்டு நூற்றாண்டு கழித்து உருவானது என்ற வாதத்துக்கு இனி இடம் குறைவு.

ஐயத்துக்கு உரியவை நிறைய. அப்ரஹா யானையோடு மக்காமேல் படையெடுத்த யானை ஆண்டில் நபிகள் பிறந்தார், அது 570 என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். யமனை ஆண்ட அப்ரஹாவின் கல்வெட்டு ஒன்று 552இல் நடந்த ஒரு படையெடுப்பைச் சொல்கிறது. அது மக்காவை நோக்கியதுதானா என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆகவே பிறந்த ஆண்டை உறுதியாகச் சொல்லும் ஆய்வாளர் இன்று குறைவு. மக்கா வாழ்வின் கால வரிசை, பல உரையாடல்களின் சொற்கள், போர்களில் சொல்லப்படும் எண்ணிக்கைகள் எல்லாம் இந்த வகைதான். அண்மைக் காலத்தில் ஹரால்ட் மோட்ஸ்கி, கிரெகோர் ஷோலர் போன்றவர்கள் ஒரே செய்தியின் பல அறிவிப்புகளை எடுத்து, அறிவிப்பாளர் வரிசையையும் வாசக வேறுபாடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். இதனால் ஆயிஷா நாயகியின் சகோதரி மகனான உர்வா இப்னு ஸுபைர் வரை, அதாவது முதல் ஹிஜ்ரி நூற்றாண்டின் இறுதிவரை, சில நிகழ்ச்சிகளின் சாரத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோக முடிகிறது. இந்த முறையை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு இது கோல்ட்ஸிஹரின் முழு ஐயத்தைவிடவும் மியூரின் முழு நம்பிக்கையைவிடவும் நியாயமாகப் படுகிறது.

பாலஸ்தீன அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சையத் 1978இல் கீழைத்தேயவியலை, அதாவது கீழை நாடுகளைப் பற்றிய மேலைநாட்டார் ஆய்வை, அதிகாரத்தின் கைக்கருவி என்று சாடியபின், மேலைநாட்டவர் எழுதினாலே சதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது நம்மிடையே எளிதாகிவிட்டது. மியூருக்கு அந்தக் குற்றச்சாட்டு நன்றாகவே பொருந்தும். கோல்ட்ஸிஹருக்கும் ஷோலருக்கும் பொருந்தாது. நீங்களே படித்துப் பார்க்க விரும்பினால், ஆங்கிலம் போதும் என்றால், இப்னு இஸ்ஹாக்கின் சீறாவை ஆல்ஃப்ரெட் கியோம் 1955இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் தொடங்குங்கள். இப்னு ஹிஷாமின் குறிப்புகளை அவர் தனியே பிரித்து இறுதியில் வைத்திருப்பதால், எது யார் சொன்னது என்று தெரியும். அடுத்து வாட். வாட்டை முடித்த கையோடு கிரோனின் 1987 நூலையும் எடுத்துவிடுங்கள். இடைவெளி விட்டால் வாட் சொன்னதே முடிவான வரலாறு என்று மனத்தில் பதிந்துவிடும், பிறகு அதை அசைப்பது கடினம்.